கணக்கில் வராத கடிக்கு மருந்து வராது!

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளடங்கிய ஒரு சிற்றூர். அங்கே இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வீட்டில், கூரைச் சொருகலில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. மரவள்ளி நடவுக்கு எத்தனை ஆள், களை எடுக்க எவ்வளவு கூலி, கிழங்கு எத்தனை லோடு இறங்கியது, ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலையில் எத்தனை பாயின்ட் போட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால், எழுதி வைக்காத கணக்கு ஏமாந்த கணக்கு என்பது அவருடைய பழக்கம்.

அந்த நோட்டின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. அதில் கிழங்கும் இல்லை, கூலியும் இல்லை. வெறும் நேரம் மட்டும்தான்.

மாலை 5.40 - கடி.
6.00 - டோலி கிளம்பியது.
7.10 - ரோடு.
7.35 - வண்டி.
8.05 - சுகாதார நிலையம்.
8.40 - அங்கிருந்து கிளம்பியது.
9.50 - கச்சிராயபாளையம். 108-ல் ஏற்றியது.
10.20 - கள்ளக்குறிச்சி.
10.50 - மருந்து ஏறியது.

கீழே கோடு போட்டு, கூட்டுத்தொகை: 5 மணி 10 நிமிடம்.

2024 அக்டோபர் கடைசியில், சாமை அறுப்பின்போது அவருடைய மனைவியைக் கண்ணாடி விரியன் கடித்த நாளின் கணக்கு அது.

டோலியில் நாலு கிலோமீட்டர்

அன்றைக்கு மழை மூட்டம். அறுத்த சாமையை ஈரம் படாமல் களத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று இருவரும் வேகமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டு ஒன்றைத் தூக்கியபோது, அந்த அம்மாவின் வலது காலில் சுருக்கென்று பட்டது. "மாமா, பூச்சி கடிச்சிட்டுது" என்றார். இரவிலும் அந்தி நேரத்திலும் பாம்பு என்ற பெயரைச் சொல்லாமல் பூச்சி என்பதுதான் அங்கே வழக்கம்.

ஓடிவந்த பக்கத்து நிலத்துக்காரர் துண்டைக் கிழித்துக் கணுக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். ஊரில் பச்சிலை கொடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடம் போகலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தப் பெரியவரே வந்து காலைப் பார்த்துவிட்டு, "இது விரியன்டா. என்கிட்ட வேலை இல்லை. கீழ கொண்டுபோ. கட்டை முதல்ல அவுரு, ரத்தம் நின்னா காலு போயிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரைப் பார்த்தால் இந்த விவசாயி கையெடுத்துக் கும்பிடுகிறார்.

கொலுசையும் மெட்டியையும் கழற்றினார்கள். போர்வையை மூங்கிலில் கட்டி டோலி ஆக்கினார்கள். ஊரிலிருந்து வண்டி போகும் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். அதில் ஒன்றரை கிலோமீட்டர் காட்டுக்குள் போகும் தடம். பாறை வழுக்கியது. ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கியும் 70 நிமிடம் ஆனது. ரோட்டுக்கு வந்த பிறகுதான் செல்போனில் சிக்னல் கிடைத்தது. 108-க்கு அழைத்தார்கள். மலையில் இருக்கும் வண்டி பிரசவ கேஸ் ஒன்றை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கடைசியில், கிழங்கு ஏற்ற வந்திருந்த ஒரு குட்டியானை கிடைத்தது.

பூட்டியில்லாத ஆஸ்பத்திரி

மலையில் உள்ள அந்த ஆரம்ப சுகாதார நிலையம் பூட்டியிருக்கவில்லை. விளக்கு எரிந்தது. நர்ஸ் இருந்தார். குளிர்சாதனப் பெட்டியில் பாம்புக்கடி மருந்தும் இருந்தது. ஆனாலும் அங்கே மருந்து போடவில்லை.

"டாக்டர் இன்னொரு சென்டருக்கும் சேர்த்துப் பார்க்கிறாரு, இன்னிக்கு மீட்டிங்னு கீழ போயிட்டாரு. போன் கிடைக்கல. மருந்து ஆறு குப்பிதான் இருக்கு. ஆரம்பத்துலயே பத்துக் குப்பி வரைக்கும் தேவைப்படும். போடுறப்போ அலர்ஜி வந்து மூச்சு அடைச்சா, நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?" என்றார் நர்ஸ். சொல்லும்போதே அவர் கை நடுங்கியது. காலுக்கு அட்டை வைத்துக் கட்டி, ஊசி ஏற்றுவதற்கு வழி போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தார். 108-க்கு மறுபடி பேசி, கச்சிராயபாளையத்தில் எதிர்கொண்டு வந்து ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்ததும் அவர்தான். ஆனால், மருந்து பெட்டியிலேயே இருந்தது.

மலையிறங்கும்போதே அந்த அம்மாவின் ஈறில் ரத்தம் கசிந்தது. கால் தொடை வரைக்கும் வீங்கிவிட்டது. கோமுகி அணை தாண்டும்போது, "மாமா, சாமை நனைஞ்சுடும். போய் மூடச் சொல்லு" என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் இந்த விவசாயியின் குரல் இன்றும் அடைக்கிறது.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். உறையவில்லை. உடனே மருந்து ஏறியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

சிகிச்சைக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் வண்டி வாடகை, துணைக்கு இருந்தவர்களின் சாப்பாடு, போக வர செலவு, நனைந்து முளைவிட்ட சாமை, இரண்டு மாதம் அந்த அம்மா நிலத்தில் இறங்க முடியாமல் போன கூலி என எல்லாம் சேர்ந்து, அந்த வருஷக் கிழங்குப் பணத்தை மொத்தமாக விழுங்கிவிட்டது.

கோபம் யார் மேல்?

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு எல்லாக் கோபமும் அந்த நர்ஸ் மேல்தான். "மருந்தை வெச்சுக்கிட்டே அனுப்பிட்டாங்களே" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொன்னார். அந்த நர்ஸை மாற்றச் சொல்லி மனு எழுத ஊரில் ஆள் திரண்டது.

மனு எழுதத்தான் அந்த நோட்டை எடுத்தார். நேரத்தை ஒவ்வொன்றாக எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தபோது அவருக்கே சந்தேகம் வந்தது. 310 நிமிடத்தில் சுகாதார நிலையத்தில் போனது 35 நிமிடம்தான். காட்டுத் தடத்தில் போனது 70 நிமிடம். வண்டிக்குக் காத்திருந்தது 25. மலையிறங்கி ஊர் சேர 100. "பாம்பு கடிச்சது ஒரு நொடி. மிச்ச நேரமெல்லாம் யாரு கணக்குல எழுதுறது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அந்த நர்ஸம்மா கணக்குல மட்டும் எழுதாத மாமா. அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க" என்றார் அந்த அம்மா.

மறுவாரம் சிறுநீரகப் பரிசோதனைக்குப் போகும் வழியில் அந்த நர்ஸைப் பார்த்துப் பேசினார். அங்கேதான் விஷயம் விளங்கியது. அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வருவது 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலமாக. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ் புத்தகம் போல ஒன்று உண்டு. இந்த ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு இருக்கும். கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க, அந்தத் தொகை கழியும். கூட்டுறவுச் சங்கத்தில் உரம் எடுக்கும் கணக்கைப் போலத்தான். பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன நல்ல முறை அது.

"ஆனா, போன வருஷம் எவ்வளவு செலவாச்சுன்னு பார்த்துத்தானே இந்த வருஷத்துக்குக் கேட்போம்? இங்க வர்ற பாம்புக்கடியை எல்லாம் கீழ அனுப்பிடுறோம். அதனால செலவு கம்மி. செலவு கம்மின்னா கேட்குறது கம்மி. கையிருப்பு கம்மியா இருக்குன்னு மறுபடியும் கீழ அனுப்புறோம். எத்தனை பேரை அனுப்பினோம்னு மருந்துக் கணக்குல வராது அண்ணா" என்றார் நர்ஸ்.

அவருக்குச் சட்டென்று தன் அடங்கல் நினைவுக்கு வந்தது. ஒரு வருஷம் கனமழையில் மக்காச்சோளம் சாய்ந்தபோது, அடங்கலில் அந்தப் பயிர் ஏறவில்லை என்று சொல்லி அவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. நிலத்தில் பயிர் கண்ணுக்கு முன்னால் அழுகிக் கிடந்தது. ஆனால் காகிதத்தில் அது விதைக்கப்படவே இல்லை. பாம்புக்கடியும் அதே கதைதான். அந்த அம்மாவுக்கு ஏற்பட்ட கடி மலையில் நடந்தது. கணக்கில் அது கள்ளக்குறிச்சியில் நடந்தது. மருந்தும் கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய்ச் சேர்கிறது.

ஒரு கடி, அஞ்சு ஆபீஸ்

அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டதில் அவரை அதிகம் திகைக்க வைத்தது இன்னொன்று. ஆஸ்பத்திரி என்றால் எல்லாம் ஒரே ஆபீஸ் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. தாலுகா ஆஸ்பத்திரிகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். 108 வண்டி தனித் திட்டம். காட்டுக்குள் போகும் தடம் வனத்துறையுடையது. அதற்கு ரோடு போட வேண்டியது ஊரக வளர்ச்சித் துறை. செல்போன் கோபுரம் இவர்கள் யாருடைய வேலையும் இல்லை.

ஒவ்வொரு ஆபீஸும் தன் பங்கைச் செய்ததாகவே கணக்கு காட்ட முடியும். ஆரம்ப சுகாதார நிலையம் 24 மணி நேரமும் திறந்திருந்தது. 108 வந்தது. கள்ளக்குறிச்சியில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் 310 நிமிடம் என்கிற மொத்தக் கணக்கு யாருடைய நோட்டிலும் இல்லை. கடிபட்ட வீட்டு நோட்டில் மட்டும்தான் இருந்தது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முன்பு விழுப்புரம்தான் தலைநகரம். கலெக்டரைப் பார்க்க மலையிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டும். 2022 ஜனவரி 12-ல் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அது இல்லாதிருந்தால் அந்த அம்மாவைச் சேலத்துக்கோ புதுச்சேரிக்கோதான் கொண்டுபோயிருக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்த நிலையில் அவ்வளவு தூரம் தாங்கியிருக்குமா என்பது கேள்விதான். பெரிய ஆஸ்பத்திரி வந்தது உண்மையான வளர்ச்சி. ஆனால் அது மலைக்குக் கீழே இருக்கிறது. பாம்பு மேலே இருக்கிறது.

மேலே டாக்டர் நிலைக்காததற்கும் ஒரு காரணம் உண்டு. மலைப்பகுதியில் வேலை செய்யும் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் தருகிறார்கள். அதனால் இளம் டாக்டர்கள் விரும்பி வருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். அடுத்தவர் வரும்வரை, பக்கத்து நிலையத்து டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். நாற்றங்காலில் விட்டு எடுத்து வேறு வயலுக்குப் போகிற நாற்று மாதிரி. அடுத்த நாற்று தயாராக இருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஜூன் மாதம்

நேரத்தின் விலை என்ன என்பதைக் கள்ளக்குறிச்சி அந்த வருஷமே, சாமை அறுப்புக்கு நாலு மாதம் முன்பே பார்த்திருந்தது. 2024 ஜூன் மாதம், நகரத்தின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்தவர்கள் வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பிரித்து அனுப்பினார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் விஷமும் நேரத்தோடு போட்டி போடும் விஷம்தான். சீக்கிரம் வந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும். தாமதித்தால் முதலில் பார்வை, பிறகு உயிர். சொல்லப் பயந்து வீட்டிலேயே படுத்திருந்தவர்களும் உண்டு. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு நவம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சி.பி.ஐ-க்குப் போனது.

அந்தச் சாவுகளை ஒட்டித்தான் கல்வராயன் மலையின் பெயரும் அடிபட்டது. சாராயம் காய்ச்சும் மலை என்று ஒரு பக்கம் பேச்சு. இன்னொரு பக்கம், 'அந்த மக்களுக்கு ரோடு, மருத்துவம், படிப்பு எல்லாம் ஒழுங்காகக் கிடைத்ததா?' என்ற கேள்வி. சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து, மலைமக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்து விசாரித்தது. 1976 வரை ஜாகீர்தாரர்கள் கையில் இருந்த மலை அது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்கும் பிறகுதான் அரசு நிர்வாகம் அங்கே முழுதாக ஏறியது. பிந்தி வந்த வண்டி இன்னும் பல ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

கிராம சபையில் வாசித்த பக்கம்

2025 ஜனவரி 26 கிராம சபையில் நர்ஸை மாற்றச் சொல்லும் மனுவைத் தாக்கல் செய்வதாக இருந்தது. இந்த விவசாயி எழுந்து, "அந்த அம்மாவை மாத்தினா அந்த இடமும் காலியாத்தான் கிடக்கும். இருக்கிற ஒரு விளக்கையும் அணைச்சிடாதீங்க" என்றார். பிறகு நோட்டைப் பிரித்து, நேரத்தை மட்டும் வாசித்தார். ஒன்பது வரி. யாரையும் திட்டவில்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் வீட்டுக் கடிகளைச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் அந்த ஊராட்சியில் மட்டும் பதினொரு கடி, இரண்டு சாவு என்று கணக்கு வந்தது. அதுவரைக்கும் யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2024 நவம்பரில், தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருந்தது. பாம்புக்கடி கேஸ் வந்தாலோ, அதில் மரணம் நேர்ந்தாலோ அரசு, தனியார் என எல்லா ஆஸ்பத்திரிகளும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பாம்புக்கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசும் 2024 மார்ச்சில் தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டிருந்தது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக 2020-ல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. பெரும்பாலும் கிராமத்தில், நிலத்தில் வேலை செய்கிறவர்கள்தான். கூட்டத்துக்கு வந்திருந்த சுகாதார ஆய்வாளர் இதையெல்லாம் எடுத்துச் சொன்னார்.

அன்று நாலு தீர்மானம் போட்டார்கள்.

ஒன்று, கீழே அனுப்பிய கேஸையும் மலையிலேயே பதிவு செய்ய வேண்டும்; பாம்புக்கடி மருந்தின் கையிருப்பு ஒருவருக்கான முதல் தவணைக்குக் கீழே இறங்கவே கூடாது.

இரண்டு, டாக்டர் இல்லாத நேரத்தில் நர்ஸ் யாரிடம் கேட்டு மருந்தைத் தொடங்கலாம் என்று ஒரு பெயரும் நம்பரும் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

மூன்று, மலை 108 வண்டி வெளியே போனால், கீழேயிருந்து இன்னொரு வண்டி மேலே வந்து நிற்க வேண்டும்.

நாலு, காட்டுத் தடத்தை ரோடாக்க வேண்டும்.

நாலாவதுக்குத்தான் வழக்கமாக, 'வனத்துறை விடாது' என்ற பதில் வரும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு. கிராம சபை பரிந்துரைத்தால், ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளி போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. இந்த விவசாயி அங்கேயே கணக்குப் போட்டார். காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர், நாலு மீட்டர் அகலம். மொத்தம் 6,000 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் என்பது 10,000. "என் நிலத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான் கேட்குறோம்" என்றார்.

என்ன நடந்தது?

எல்லாம் நடந்துவிடவில்லை. ரோடு இன்னும் அளவெடுத்த நிலையிலேயே நிற்கிறது. மூன்றாவது தீர்மானத்துக்குப் பதில் வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மருந்துக் கையிருப்பு பற்றிக் கேட்டிருந்தார்கள். 30 நாளைக்குள் பதில் வந்தது. பதில் வந்த அதே வாரத்தில் பெட்டியில் குப்பிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. சுவரில் இரண்டு டாக்டர்களின் நம்பர் எழுதப்பட்டது. நர்ஸ்களுக்குக் கீழே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

2025 ஜூலையில், பக்கத்து வீட்டுப் பையனை ஆடு மேய்க்கும்போது சுருட்டை விரியன் கடித்தது. இப்போதும் டோலிதான். தடமும் அதேதான். ஆனால் பையனைத் தூக்கும்போதே, ஒருவர் முன்னால் ஓடி சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து நர்ஸுக்குப் போன் செய்துவிட்டார். ரோட்டில் வண்டி தயாராக நின்றது. பையன் போய்ச் சேரும்போது குழாயும் மருந்தும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, நர்ஸ் மருந்தைத் தொடங்கினார். அலர்ஜி வந்தால் போட வேண்டிய ஊசி பக்கத்திலேயே இருந்தது. அதே நர்ஸ்தான். பிறகு 108-ல் கள்ளக்குறிச்சி. மூன்றாம் நாள் பையன் வீட்டில்.

அந்த நேரத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறார். கடி, மாலை 4.20. மருந்து, 6.15. மொத்தம் 1 மணி 55 நிமிடம். அதற்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில், 'ரோடு இருந்தா இன்னும் 50 நிமிஷம் குறையும்' என்று.

நம் ஊருக்கு

இது கல்வராயன் மலைக்கு மட்டுமான பாடம் இல்லை. சமவெளியில் இருக்கிறவர்களும் செய்யக்கூடியது. அறுப்புக்கு முன்பே, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, இரவில் யார் இருப்பார், அவர் மருந்தைத் தொடங்குவாரா என்று கேட்டு வையுங்கள். கேட்பது சண்டை இல்லை. விதை வாங்கும்போது முளைப்புத்திறன் கேட்கிற மாதிரிதான். நமக்கு அங்கே உரிமை உண்டு.

யாருக்காவது கடித்தால், கட்டுப் போடாதீர்கள். கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ ஆட்டாமல், அட்டையோ குச்சியோ வைத்து மெதுவாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். கடித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படிக் குறித்த நேரத்தை வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. அங்கே வாசியுங்கள், தீர்மானத்தில் ஏற்றுங்கள்.

அந்த அம்மா இப்போது மறுபடியும் நிலத்துக்குப் போகிறார். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்றை அவருடைய கணவர் கச்சிராயபாளையத்தில் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு அறுப்பில் நிற்கும்போது மற்ற பெண்கள் கிண்டல் செய்கிறார்கள். "சிரிங்க, சிரிங்க. ஆளுக்கொரு ஜோடி நீங்களும் வாங்குங்க. அதுவும் நோட்டுல ஏறட்டும்" என்கிறார்.